ஏபிஐ 1.46, கட்டைவிரலில் ஆறாத புண்: பலூனா, பைபாஸா?

டிரெஸ்ஸிங்_அறை

நீரிழிவுக் கால்புண் பிரிவிலிருந்து ஒரு கேள்வி. நோயாளி ஆண், வயது 66, எடை 62 கிலோ, சர்க்கரை 18 வருஷமாக. வலது கட்டைவிரல் நுனியில் புண். ஆறு வாரமாக டிரெஸ்ஸிங் செய்தும் அளவு குறையவில்லை. விளிம்பு கருத்திருக்கிறது, அடியில் மஞ்சள் படலம். எலும்பு தட்டுப்படவில்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. புகை இன்னும் விடவில்லை. கிரியாட்டினின் 1.7.

வலது ஏபிஐ (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்த எண்) 1.46. ஆனால் பாதத்தில் நாடி கைக்குக் கிடைக்கவே இல்லை. கால்விரலில் எடுத்த ரத்த அழுத்தம் 28 என்று எழுதியிருக்கிறார்கள். டாப்ளர் ஸ்கேனில், தொடையில் இறங்கும் முக்கியத் தமனியான எஸ்எஃப்ஏ-வின் நடுப்பகுதியில் 8 செ.மீ முழு அடைப்பு. முழங்காலுக்குப் பின்னால் பாப்லிட்டியல் தமனி திறந்திருக்கிறது. அதற்குக் கீழே, கீழ்க்காலின் மூன்று தமனிகளில் முன் டிபியல் முழுக்க அடைப்பு, பின் டிபியல் ஆங்காங்கே குறுகல், பெரோனியல் மட்டும் ஓடுகிறது.

தெரிய வேண்டியவை: ஏபிஐ இவ்வளவு அதிகமாக இருக்கும்போது ரத்த ஓட்டம் குறைவு என்று எப்படிச் சொல்கிறார்கள்? இவருக்குப் பலூன் (குழாய்க்குள் பலூனை ஊதி அடைப்பைத் திறப்பது) சரியா, பைபாஸ் (அடைப்பைத் தாண்டி மாற்றுக் குழாய் தைப்பது) சரியா? பலூன் என்றால் உள்ளே என்னதான் செய்வார்கள், எங்கே தவறும்? திரும்பி வந்ததும் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? "ஊசி துவாரம்தானே, மறுநாள் வீட்டுக்கு வந்துடலாம்ல" என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். அவர்களுக்கு நேராகப் பதில் சொல்லணும்.

---

டாப்ளர்_ஜெல்

முதலில் அந்த 1.46-ஐ அடித்துவிட்டு "அழுத்த முடியாத ரத்தக்குழாய்" என்று எழுதுங்க சிஸ்டர். 1.4-க்கு மேல் போனாலே அந்த எண்ணை நம்பக்கூடாது. நீண்ட நாள் சர்க்கரையிலும் சிறுநீரகக் கோளாறிலும் தமனிச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிந்துவிடும். கணுக்காலில் கஃபை எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் குழாய் நசுங்காது. கருவி 200-ஐத் தாண்டிக் காட்டும்போது அளக்கப்படுவது சுவரின் விறைப்பு. உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தம் அதில் தெரியாது. இந்த ஒரு எண்ணை நம்பி "ரத்த ஓட்டம் நார்மல்" என்று எழுதித்தான் பல விரல்கள் போகின்றன.

விரல் தமனிகள் பெரும்பாலும் இந்தச் சுண்ணாம்புக்குத் தப்பிவிடும். அதனால்தான் விரல் அழுத்தம். கட்டைவிரலில் 2.5 செ.மீ அகலக் கஃப், நுனியில் ஒளி சென்சார். புண் கட்டைவிரல் நுனியிலேயே இருந்தால் இரண்டாம் விரலில் சின்னக் கஃப் போட்டு எடுக்கணும். எந்த விரல் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா பாருங்க, அடுத்த முறை ஒப்பிட அது வேணும். பாதம் சில்லென்று இருந்தால் எண் பொய்யாகக் குறையும். கால் மணி நேரம் போர்வை போட்டுச் சூடாக்கிவிட்டு எடுக்கணும்.

28 என்பது மோசம். விஃபை (புண், ரத்த ஓட்டக் குறைவு, தொற்று மூன்றையும் மதிப்பிடும்) தரவரிசையில் விரல் அழுத்தம் 60-ம் அதற்கு மேலும் இருந்தால் 0, 40 முதல் 59 வரை 1, 30 முதல் 39 வரை 2, 30-க்குக் கீழே 3. இவர் மூன்றில் இருக்கிறார். டிரெஸ்ஸிங்கை மாற்றிப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது.

கருவி இல்லாமல் கட்டிலிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை 45 முதல் 60 டிகிரி தூக்கி ஒரு நிமிஷம் பிடியுங்க. ரத்த ஓட்டம் குறைந்த பாதம் மெழுகு மாதிரி வெளுக்கும், புறங்கால் சிரைகள் பள்ளமாகும். பிறகு கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துத் தொங்கவிடுங்க. நிறம் மெதுவாகத் திரும்பி, அப்புறம் செங்கல் சிவப்பாகும். அந்தச் சிவப்பைப் பார்த்து செல்லுலைட்டிஸ் (தோல் தொற்று) என்று ஆன்டிபயாட்டிக் ஏற்றுவது நடக்கிற தப்பு. தூக்கினால் வெளுக்கிற சிவப்பு தொற்று இல்லை. இந்தக் காலுக்கு அழுத்தக் கட்டும் போடக்கூடாது.

---

சாஃபீனஸ்

பலூனா பைபாஸா என்பதற்குப் பதில் டாப்ளர் ரிப்போர்ட்டில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி அவருடைய தோலுக்கடியில் ஓடும் பெரிய சாஃபீனஸ் சிரையில். பைபாஸுக்கு மாற்றுக் குழாயாக வைப்பது அதைத்தான். அதை ஸ்கேன் செய்து அளந்தார்களா? தொடையிலிருந்து கீழே வரை ஒரே துண்டாக, குறைந்தது 3 மி.மீ விட்டத்தில் கிடைத்தால் பைபாஸ் கணக்கில் வரும். இல்லையென்றால் கீழ்க்கால் தமனிக்குச் செயற்கைக் குழாய் போட்டு வரும் பலன் அவ்வளவு நன்றாயிருக்காது. அப்போது பலூன்தான் முதல்.

ஆராய்ச்சிகளும் இதையொட்டியே பிரிகின்றன. 2022-இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில் 1,830 பேர். நல்ல சாஃபீனஸ் சிரை இருந்தவர்களுக்கு அறுவைசிகிச்சை முந்தியது. அது இல்லாதவர்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 2023-இல் வந்த பேசில்-2, முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ள 345 பேரை எடுத்துக்கொண்டது. அங்கே பலூன் முதலில் என்ற குழுவே கால் வெட்டாமல் உயிரோடிருப்பதில் முந்தியது. முரண்பாடு போலத் தோன்றும். நோயாளிகளும் அடைப்பின் இடங்களும் வேறு வேறு. ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்களை நம்ப வேண்டாம்.

இவருடைய விஷயத்தில் என் சாய்வு பலூன் பக்கம். எஸ்எஃப்ஏ அடைப்பு 8 செ.மீ-தான், பாப்லிட்டியல் திறந்திருக்கிறது, புண் விரல் நுனியோடு நிற்கிறது. இடுப்பு மடிப்பில் உள்ள பொதுத் தொடைத் தமனியிலேயே பெரிய சுண்ணாம்புக் கட்டி இருந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அங்கே ஒரு சின்னக் கீறல் போட்டுக் கட்டியைச் சுரண்டி எடுப்பதுதான் நிற்கும். ஸ்டென்ட் வைத்தால் இடுப்பு மடங்கும்போதெல்லாம் அது வளையும், பின்னாளில் பைபாஸுக்குத் தைக்கிற இடமும் போய்விடும்.

வரிசை முக்கியம். காய்ந்த கருப்புத் திசுவை ரத்த ஓட்டம் வருவதற்கு முன் வெட்டாதீங்க. வெட்டிய விளிம்பும் செத்துப் புண் மேலே ஏறும். ஓட்டம் வந்து சில நாளில் உயிருள்ளதற்கும் செத்ததற்கும் நடுவே கோடு தெளியும், அப்போது வெட்டலாம். சீழ், துர்நாற்றம், அமுக்கினால் நொறுநொறுப்பு இருந்தால் மட்டும் தலைகீழ்: அன்றைக்கே திறந்து வடிக்கணும், பலூனுக்குக் காத்திருக்கக் கூடாது.

---

கைடுவயர்

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். இதைத் தொடங்கிவைத்தவர் சார்லஸ் டாட்டர், 1964 ஜனவரி 16, போர்ட்லண்ட். விரல் அழுகி, காலை வெட்ட மறுத்த 82 வயதுப் பெண்மணியின் தொடைத் தமனிக் குறுகலைக் குழாய்க்குள் குழாய் நுழைத்து அகலமாக்கினார். பலூன் வந்தது பத்து வருஷம் கழித்து, கிரன்ட்ஸிக் கையால். இன்றைக்கும் நம் முன்னால் உள்ள நோயாளி கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

துவாரம். அடைப்பு தொடை நடுவிலும் கீழ்க்காலிலும் இருப்பதால் அதே பக்க இடுப்பு மடிப்பில், கீழ்நோக்கிக் குத்துவது நல்லது. எதிர்க்காலிலிருந்து, பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தைச் சுற்றி வந்தால் கணுக்கால் வரை கம்பி எட்டினாலும் தள்ளுகிற வலு பாதியாகிவிடும். வயிறு தொங்கும் உடல்வாகு, எஸ்எஃப்ஏ தொடங்கும் வாயிலேயே அடைப்பு, இந்த இரண்டில் மட்டும் எதிர்க்கால்தான் வழி. அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி 21 கேஜ் ஊசி, தொடை எலும்பின் தலைக்கு நேராக. மேலே போனால் ரத்தம் வயிற்றின் பின்பக்கம் கசியும், அமுக்க எலும்பு இருக்காது. கீழே போனால் சிரையும் சேர்ந்து துளைபட்டு இரண்டும் இணைந்துவிடும் ஃபிஸ்டுலா, அல்லது தமனி வீக்கம்.

ஹெப்பாரின், ரத்தம் உறையாமலிருக்க. கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட். 62 கிலோவுக்கு 5,000 போதும். ஏசிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 250 நொடியைத் தாண்டணும். ஷீத் (துவாரத்தில் வைக்கும் நுழைவுக் குழாய்) 6 பிரெஞ்ச் அளவு, தேவைப்பட்டால் 5.

கடப்பது. நேரம் முழுக்க இங்கேதான் போகிறது. 0.018 அங்குலக் கம்பி, பின்னால் தாங்கு கதீட்டர். அடைப்பின் முகப்பில் நேராகப் போகாவிட்டால் கம்பி சுவரின் அடுக்குகளுக்குள் வளையமாகப் போகும். அது பரவாயில்லை, வேண்டுமென்றே செய்வதும் உண்டு. வளையம் சின்னதாக இருக்கணும், ரத்தம் மறுபடி தெரியும் இடத்திலேயே உண்மையான குழிக்குள் திரும்பணும். அதைத் தாண்டிக் கீழே கிழித்துக்கொண்டே போனால், இத்தனை நாள் பாதத்துக்கு ரத்தம் கொடுத்த பக்கக் கிளைகள் அடைபடும். தோற்றுப்போய் வெளியே வரும்போது கால் முன்பைவிட மோசமாக இருக்கும். திரும்ப முடியாவிட்டால் ரீஎன்ட்ரி கருவி. இல்லையேல் பாதத்தின் அல்லது கணுக்காலின் தமனியில் சின்ன ஊசி போட்டுக் கீழிருந்து ஒரு கம்பியை மேலே விட்டு இரண்டையும் சந்திக்கவைப்பது. கீழ்க்காலில் குழாய் சுருங்கிக்கொண்டால் நைட்ரோகிளிசரின் 100 முதல் 200 மைக்ரோகிராம் நேரடியாக.

பலூன். எஸ்எஃப்ஏ-வுக்கு 5 மி.மீ, டிபியலுக்கு 2.5 அல்லது 3. நீளப் பலூன் ஒன்று போதும். குட்டிப் பலூனை நாலு இடத்தில் ஊதினால் ஒவ்வொரு விளிம்பிலும் கிழியும். மெதுவாக ஊதி, 2 முதல் 3 நிமிஷம் அப்படியே விட்டு, மெதுவாக இறக்கணும். அவசரப்பட்டு 30 நொடியில் இறக்குவதுதான் கிழிசலுக்குப் பெரிய காரணம். திரையில் பலூன் நடுவே இடுப்பு மாதிரி ஒடுங்கி நின்றால் அது சுண்ணாம்பு. அழுத்தத்தைக் கண்மூடி ஏற்றிக்கொண்டே போகாமல், கீறும் பலூனுக்கோ அதிர்வலைப் பலூனுக்கோ மாறணும்.

ஊதி முடித்ததும் கிளம்பக் கூடாது. டிபியல் தமனிகள் ரப்பர் மாதிரி. 10, 15 நிமிஷம் கழித்து மறுபடி படமெடுத்தால் பாதி திரும்பச் சுருங்கியிருக்கும். மிச்சக் குறுகல் 30 சதவீதத்துக்குள், இரண்டு கோணத்தில் பார்த்து. ஓட்டத்தைத் தடுக்கிற கிழிசலுக்கு இன்னொரு முறை நீண்ட நேரம் ஊதணும்; அதற்கும் அடங்காவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் சின்ன நிட்டினால் ஸ்டென்ட். கடைசிப் படம் பாதம் வரை. தொடங்கும்முன் எடுத்த பாதப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உடைந்து கீழே போன கட்டி தெரியும். தெரிந்தால் உறிஞ்சு கதீட்டரால் அப்போதே எடுக்கணும்.

இவருக்கு எத்தனை குழாய் திறக்கணும்? எஸ்எஃப்ஏ கட்டாயம். அதோடு, பாதத்துக்கு நேராக இறங்கும் ஒரு குழாயாவது. பெரோனியல் கணுக்காலோடு முடிகிறது. அதன் கிளைகள் பாதத்துக்குப் போனாலும் கட்டைவிரலுக்கு அது சுற்றுவழி. பின் டிபியல் குறுகல்தான் என்பதால் அதைத் திறப்பது லேசு. முன் டிபியலும் கிடைத்தால் கட்டைவிரலுக்கு அது நேர்வழி. அதற்காக இரண்டு மணி நேரம் கிண்டி, கிடைத்ததையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிறுநீரகம். 66 வயதில் கிரியாட்டினின் 1.7 என்றால் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 44 சுற்றி வரும். கான்ட்ராஸ்ட் (படத்தில் குழாய் தெரியச் செலுத்தும் மருந்து) அந்த எண்ணைப் போல் இரண்டு மடங்குக்குள், அதாவது 90 மில்லிக்குள் முடிக்கப் பார்க்கணும். தொடைப் பகுதிக்குக் கார்பன் டை ஆக்சைடு வாயு, கீழ்க்காலுக்குப் பாதிக்குப் பாதி நீர்த்த கான்ட்ராஸ்ட். வாயுவை உதரவிதானத்துக்கு மேலே செலுத்தக் கூடாது, குழாயில் காற்றுக் கலக்காமல் முதலில் கழுவணும். மெட்ஃபார்மினை அன்று நிறுத்தி 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினின் பார்த்துத் தொடங்குங்க.

முடிந்ததும் ஷீத்தை எடுத்து, தோல் துவாரத்துக்கு 2 செ.மீ மேலே 15 முதல் 20 நிமிஷம் அமுக்கணும்.

---

இரவு_டியூட்டி

கடைசி வரியில் ஒரு திருத்தம் சார். இந்த நோயாளிக்குக் கீழ்நோக்கிய துவாரம் என்று நீங்களே சொன்னீங்க. மேல்நோக்கிக் குத்தும்போதுதான் தமனித் துவாரம் தோல் துவாரத்துக்கு மேலே இருக்கும். கீழ்நோக்கிக் குத்தினால் அது தோல் துவாரத்துக்குக் கீழே. வழக்கப்படி மேலே அமுக்கினால் தோலில் சொட்டு ரத்தம் வராது, உள்ளே தொடையில் ஹீமட்டோமா (ரத்தக்கட்டு) ஏறிக்கொண்டே போகும். வார்டுக்கு வரும் தாளில் எந்தத் திசை என்று எழுதச் சொல்லுங்க. எழுதவில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்க. ஷீத் வார்டில்தான் எடுப்பார்கள் என்றால் ஏசிடி 180-க்குக் கீழே இறங்கிய பிறகு.

சிஸ்டர், வந்ததும் செய்ய வேண்டியவை. டாப்ளரில் பாத நாடி கேட்ட இடத்தைப் பேனாவால் குறியிடுங்க, அடுத்த ஷிஃப்ட் தேடிக்கொண்டிருக்காமல் அதே இடத்தில் கேட்கும். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒரு தரம், அடுத்த இரண்டு மணி அரை மணிக்கு ஒரு தரம், பிறகு மணிக்கொரு தரம்: துவாரம், தொடைச் சுற்றளவு, பாதச் சூடு, சிக்னல், பிபி, நாடி. 4 முதல் 6 மணி நேரம் கால் மடக்கக் கூடாது.

துவாரத்தில் ஒன்றுமே தெரியாமல் பிபி இறங்கி, நாடி ஏறி, இடுப்புப் பக்கமோ முதுகோ வலிக்கிறது என்றால் வயிற்றின் பின்பக்கக் கசிவை நினையுங்க. சலைன் ஏற்றிவிட்டு "பயத்தில் வந்தது" என்று உட்காரக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்த சிக்னல் நின்று பாதம் சில்லிட்டால் குழாய் மூடிக்கொண்டது. அந்த நிமிஷமே கூப்பிடணும். கெண்டைச்சதை கல்லாக இறுகி, விரலைப் பின்னால் வளைத்தால் அலறினால் தசையறை அழுத்தம். நாள்பட்ட அடைப்பில் இது அபூர்வம், திடீர் அடைப்பைத் திறந்தவர்களிடம் அதிகம். ரெண்டு மூணு நாள் கழித்து இடுப்பு மடிப்பில் துடிக்கிற கட்டி வந்தால் அமுக்கிப் பார்க்காமல் ஸ்கேனுக்கு அனுப்புங்க.

பாதம் லேசாக வீங்குவது ஓட்டம் வந்ததன் அடையாளம், பயப்பட வேண்டாம்.

யாரும் சொல்லாத ஒன்று, குதிகால். அசையாமல் ஆறு மணி நேரம் படுத்தால் அடுத்த புண் அங்கேதான் வரும், அதுவும் இரண்டு காலிலும். கெண்டைச்சதைக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைக் காற்றில் விடுங்க, முழங்கால் மடங்காமல்.

---

டிரெஸ்ஸிங்_அறை

எல்லோருக்கும் நன்றி. விரல் எது என்று ரிப்போர்ட்டில் இல்லை, கேட்டு எழுதிவிட்டேன். சிரை ஸ்கேனுக்கும் சீட்டு போட்டாச்சு. இன்னும் இரண்டு. மகன் "ஸ்டென்ட் வெச்சாத்தானே நிலைக்கும்" என்கிறார். மகள் மருந்து பூசிய பலூனால் உயிருக்கு ஆபத்து என்று எங்கோ படித்திருக்கிறார். பிறகு என்ன மாத்திரை?

---

கைடுவயர்

திருத்தத்துக்கு நன்றி, சரிதான்.

மகனுக்கு: இதயக் குழாய் ஸ்டென்டை மனதில் வைத்துக் கேட்கிறார். இதயக் குழாயை யாரும் மடக்குவதில்லை, முறுக்குவதில்லை. முழங்காலுக்குப் பின்னால் உள்ள பாப்லிட்டியல் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் வளையும். அங்கே வைத்த உலோக வலை உடையும், உடைந்த இடத்தில் ரத்தம் உறையும். இடுப்புக்குள் உள்ள இலியாக்கில் ஸ்டென்ட் அழகாக நிற்கும். எஸ்எஃப்ஏ-வில் தேவைப்பட்டால் மட்டும். கீழ்க்காலில் சாதாரண ஸ்டென்ட் வழக்கமில்லை. கரைந்துபோகும் மருந்து ஸ்டென்ட் ஒன்றை 261 பேரிடம் சோதித்த லைஃப்-பிடிகே ஆய்வு 2023-இல் நல்ல முடிவு தந்தது, 2024-இல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதியும் கிடைத்தது. அது குட்டையான, சுண்ணாம்பு அதிகமில்லாத குறுகலுக்குத்தான்.

மகளுக்கு: அவர் படித்தது 2018 டிசம்பரில் வெளியான ஒரு தொகுப்பாய்வு. பாக்லிடாக்ஸல் பூசிய கருவிகளில் பிற்கால இறப்பு கூடுதல் என்றது. பிறகு இன்னும் நீண்ட கால விவரங்களைச் சேர்த்துப் பார்த்த எஃப்டிஏ, தரவுகள் அப்படி ஒரு கூடுதல் இறப்பு அபாயத்தைக் காட்டவில்லை என்று 2023 ஜூலையில் அறிவித்தது. மருந்தின் வேலை, குழாய்ச் சுவர் தழும்பு மாதிரித் தடித்து மறுபடி மூடுவதைத் தாமதப்படுத்துவது. முதலில் சாதாரணப் பலூனால் நன்றாகத் திறந்த பிறகுதான் அதைப் பயன்படுத்தணும். திறக்காத அடைப்பை மருந்து திறக்காது.

---

சாஃபீனஸ்

மாத்திரை. ஆஸ்பிரின் 75, அதோடு குளோபிடோக்ரல் 75; குளோபிடோக்ரல் முதல் நாள் மட்டும் 300. இரண்டும் சேர்த்து ஒன்று முதல் மூன்று மாதம் வரை என்பது பொதுவான வழக்கம், பிறகு ஒன்று போதும். இன்னொரு வழி, ஆஸ்பிரினோடு ரிவராக்ஸபான் 2.5 மி.கி இரு வேளை. 6,564 பேரிடம் நடந்த வாயேஜர் பிஏடி ஆய்வில், 2020, கால் அடைப்பு, கால் இழப்பு, மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எல்லாம் சேர்த்து மூன்று வருஷத்தில் 19.9-லிருந்து 17.3 சதவீதமாகக் குறைந்தது. ரத்தக்கசிவு கொஞ்சம் கூடியது. வயிற்றுப் புண்ணோ முன்பு மூளை ரத்தக்கசிவோ இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஸ்டாட்டின் முழு அளவில், எல்டிஎல் 55-க்குக் கீழே. நடக்கும்போது வரும் கெண்டைச்சதை வலிக்கு சிலோஸ்டசால் தருவார்கள்; இதயச் செயலிழப்பு உள்ளவருக்குத் தரக் கூடாது.

குடும்பத்தாருக்கான நேர்ப்பதில்: மறுநாள் வீட்டுக்குப் போகலாம், சரி. ஆனால் கீழ்க்காலில் பலூனால் திறந்த குழாய் சில மாதத்தில் மறுபடி குறுகுவது சகஜம். புண் ஆறும்வரை அது திறந்திருக்கணும் என்பதற்காகத்தான் இதைச் செய்கிறோம். ஆறின தோலுக்குக் குறைவான ரத்தம் போதும், அதனால் பிறகு குறுகினாலும் விரல் பிழைத்துக்கொள்ளும். நடுவில் குறுகினால் இன்னொரு முறை பலூன். பீடி, சிகரெட் தொடர்ந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

---

டாப்ளர்_ஜெல்

முடிந்த ஓரிரு நாளில் விரல் அழுத்தம் எடுங்க, அதே விரலில். 28 போய் 45, 50 என்று வந்தால் புண் ஆற வழி இருக்கிறது. 30-லேயே நின்றால் படத்தில் எவ்வளவு அழகாகத் திறந்திருந்தாலும் பாதத்துக்கு ரத்தம் வந்து சேரவில்லை.

டாப்ளர் ஒரு மாதத்தில், பிறகு 3, 6, 12 மாதத்தில். திறந்த இடத்தின் உச்ச வேகத்தை அதற்கு மேலுள்ள நல்ல பகுதியின் வேகத்தால் வகுத்து 2.4-ஐத் தாண்டினால் பாதிக்கு மேல் குறுகிவிட்டது. தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாலு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகவில்லை என்றால் அன்றே அனுப்புங்க. ஒவ்வொரு டிரெஸ்ஸிங்கிலும் நீளம், அகலம் அளந்து எழுதினால்தான் இது தெரியும். "புண் சுத்தமாக உள்ளது" என்ற குறிப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அனுப்பும் நாளில் கணுக்கால் வரை சுற்றிய கட்டைப் பிரித்து, விரலுக்கு மட்டும் மெல்லிய மூடல் போட்டு அனுப்புங்க. புறங்காலிலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும்தான் புரோப் வைக்கணும், துணி மேல் வைத்தால் ஒன்றும் கேட்காது.